பால் ஸ்வீசியைத் தனியாகப் படிக்க இறங்குகிறவர்களுக்கு

பி.ஏ. பொருளாதாரம் படித்தவர்களுக்கு ஸ்வீசி என்ற பெயர் ஒரு படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். சில்லோர் முற்றுரிமைச் சந்தை (சில பெரிய நிறுவனங்களே விற்கும் சந்தை), நடுவில் மடங்கிய தேவைக்கோடு, அதற்குக் கீழே இறுதிநிலை வருவாய்க் கோட்டில் ஓர் இடைவெளி. ஒரு நிறுவனம் விலையை ஏற்றினால் போட்டியாளர்கள் கூடவே ஏற்ற மாட்டார்கள், குறைத்தால் உடனே குறைப்பார்கள், ஆகவே விலை இருந்த இடத்திலேயே நிற்கும். இவ்வளவு எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அந்தக் கட்டுரை 1939-இல் வந்தது. எழுதியவர் நியூயார்க்கில் பெரிய வங்கி ஒன்றின் துணைத் தலைவருடைய மகன், ஹார்வர்டில் பொருளியலாளர் ஷும்பீட்டரிடம் உதவியாளராக இருந்தவர், பிறகு 'மன்த்லி ரிவ்யூ' என்ற சோஷலிச மாத இதழைத் தொடங்கி அரை நூற்றாண்டு அதோடு வாழ்ந்தவர் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் வராது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு மேலே படிக்கப் போனால் பேராசிரியரும் இல்லை, படிப்பு வட்டமும் இல்லை. ஆங்கிலத்தில் கிடைக்கும் அறிமுகங்களில் பாதி துதி, மீதி ஒரே வரியில் தள்ளுபடி. எரிச்சலாக இருக்கும். முதலிலேயே யாராவது இதைச் சொல்லியிருந்தால் நேரமும் காசும் மிஞ்சியிருக்குமே என்று எனக்குத் தோன்றியவற்றை எழுதிவைக்கிறேன்.

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது மார்க்சியப் பொருளியலாளர் பால் பாரனும் ஸ்வீசியும் சேர்ந்து எழுதி 1966-இல் வெளிவந்த 'மோனோபொலி கேபிடல்'. புகழ்பெற்றது அது, பழைய பெங்குவின் பதிப்பு எங்காவது தட்டுப்படும், நடையும் எளிமை. அந்த எளிமைதான் ஆபத்து. இருநூறு பக்கம் தாண்டிய பிறகுதான் 'இவர்கள் சொல்லும் உபரி எது?' என்ற கேள்வி வரும். அதற்கான பதில் அந்தப் புத்தகத்தில் முழுதாக இல்லை. பாரன் 1964 மார்ச்சில் இறந்துவிட்டார். அவர் எழுதி, இருவரும் பேசி முடிக்காமல் விட்ட இரண்டு அத்தியாயங்களை ஸ்வீசி நூலில் சேர்க்கவில்லை. அவற்றில் ஒன்று கோட்பாட்டு விளக்கம், இன்னொன்று பண்பாடும் ஊடகமும் பற்றியது. அவை 2012, 2013 ஆண்டுகளில்தான் 'மன்த்லி ரிவ்யூ' இதழில் அச்சாயின. ஆக 1966-இல் படித்தவர்களும் இன்று அந்த ஒரு நூலை மட்டும் படிக்கிறவர்களும் அடித்தளத்தில் ஒரு பகுதி இல்லாமல் வீட்டைப் பார்க்கிறார்கள்.

முதலில் படிக்க வேண்டியது 1942-இல் வந்த 'தி தியரி ஆஃப் கேபிடலிஸ்ட் டெவலப்மென்ட்'. நான்கு பகுதிகள், பத்தொன்பது அத்தியாயங்கள். மதிப்பும் உபரி மதிப்பும், மூலதனத் திரட்டல், நெருக்கடிகள், ஏகாதிபத்தியம் என்று போகும். மார்க்சின் 'மூலதனம்' நூலின் மூன்று தொகுதிகளையும் இவ்வளவு சுத்தமாக அடுக்கித் தரும் நூல் குறைவு. இதில் தனியாகப் படிப்பவர் மூச்சுத் திணறும் இடம் ஏழாம் அத்தியாயம். மதிப்புகள் எப்படி விலைகளாக மாறுகின்றன என்ற பழைய சிக்கலுக்குப் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் கொடுத்த தீர்வை ஆங்கில வாசகர்களுக்கு ஸ்வீசி அங்கேதான் கொண்டுவந்தார். உற்பத்திச் சாதனங்கள், தொழிலாளர் நுகர்பொருட்கள், ஆடம்பரப் பொருட்கள் என்று மூன்று துறைகள், அவற்றுக்குச் சமன்பாடுகள். முதல் வாசிப்பில் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். பின்னால் வரும் எதுவும் அதன்மேல் நிற்கவில்லை. அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர், அது தேவையே இல்லாத இழப்பு.

அதற்கு முந்தைய ஆறாம் அத்தியாயத்தைத் தாண்டக் கூடாது. பென்சிலும் தாளும் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய இடம். மார்க்ஸ் சொன்ன லாப விகிதம் வீழும் போக்கு தவிர்க்க முடியாதது என்பதை ஸ்வீசி அங்கே ஏற்க மறுக்கிறார். ஒரு சின்னக் கணக்கு போட்டால் அவர் வாதம் பிடிபடும். மாறா மூலதனம் (இயந்திரம், மூலப்பொருள்) 80, மாறும் மூலதனம் (கூலி) 20, உபரி மதிப்பு (கூலிக்கு மேல் தொழிலாளி உருவாக்கும் மதிப்பு) 20 என்றால் லாப விகிதம் 20 சதவீதம். இயந்திரம் கூடி 85-க்கு 15 என்று ஆகிறது. சுரண்டல் விகிதம், அதாவது கூலிக்கு எவ்வளவு உபரி என்ற விகிதம், பழையபடி நூறு சதவீதமே என்றால் உபரி 15, லாப விகிதமும் 15-க்கு இறங்குகிறது. ஆனால் உழைப்பின் உற்பத்தித் திறன் ஏறும்போது சுரண்டல் விகிதம் மட்டும் ஏன் அசையாமல் இருக்க வேண்டும்? அது 140 சதவீதம் ஆனால் உபரி 21, லாப விகிதம் முன்பைவிட ஒரு புள்ளி அதிகம். இரண்டும் சேர்ந்து நகரும்போது லாப விகிதம் எந்தப் பக்கம் போகும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதே அவர் சொல்வது. மரபான மார்க்சியர் பலர் அவர்மேல் கோபப்பட்டது இந்த இடத்தில்தான். 24 ஆண்டுகள் கழித்து வந்த 'மோனோபொலி கேபிடல்', ஏகபோகக் கட்டத்தில் உபரி ஏறத்தான் செய்யும் என்று தைரியமாகச் சொல்வதற்கு இந்த அத்தியாயம்தான் வழி திறந்தது. இதைப் படிக்காமல் 1966 நூலுக்குப் போனால் அந்தக் கூற்று வானத்திலிருந்து விழுந்ததுபோல இருக்கும்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாள்பட்ட மந்தம் பற்றிப் பேசுகிறார். உற்பத்தித் திறன் நுகர்வைவிட வேகமாக வளரும் போக்கு இருந்தும் முதலாளியம் ஏன் உடனே தேங்கிவிடவில்லை என்று கேட்டு, எதிர்ச் சக்திகளைப் பட்டியலிடுகிறார்: புதிய தொழில்கள், தவறாகப் போட்ட முதலீடு, மக்கள்தொகைப் பெருக்கம், உற்பத்தி சாராத நுகர்வு, அரசுச் செலவு. இந்தப் பட்டியலைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'மோனோபொலி கேபிடல்' நூலின் நடுப்பகுதி முழுக்க இதன் விரிவு என்று அப்போது தெரியும்.

இந்த இரண்டு நூல்களுக்கும் இடையில் பாரனின் 'தி பொலிடிகல் எகானமி ஆஃப் குரோத்' (1957) இருக்கிறது. நம்மைப் போன்ற நாட்டிலிருந்து படிக்கிறவர்கள் இதை விட்டுவிட்டு நேரே அமெரிக்க நூலை எடுத்து இந்தியாவுக்குப் பொருத்திப் பார்ப்பது வழக்கம். பொருந்தாது. 1966 நூல் பேசுவது முதிர்ந்த முதலாளியத்தைப் பற்றி. அங்கே சிக்கல் உபரியை எங்கே கொட்டுவது என்பது. பாரனின் நூல் பேசுவது பின்தங்க வைக்கப்பட்ட நாடுகளைப் பற்றி. அங்கே உபரி இருக்கிறது, ஆனால் நிலப்பிரபு, வணிகன், வட்டிக்காரன், அந்நிய மூலதனம் என்று போய் முதலீடாகாமல் கரைகிறது. அதைச் சொல்லத்தான் அவர் இப்போது உண்மையில் மிஞ்சுவதை நடப்பு உபரி, ஒழுங்காகப் பயன்படுத்தினால் மிஞ்சக்கூடியதைச் சாத்திய உபரி என்று பிரித்தார். ஆண்ட்ரே குந்தர் ஃபிராங்க் 1966 செப்டம்பர் இதழில் எழுதிய 'பின்தங்கலின் வளர்ச்சி' கட்டுரையும், பிறகு சார்புநிலைக் கோட்பாடு (ஏழை நாடுகள் பணக்கார நாடுகளைச் சார்ந்திருப்பதாலேயே பின்தங்குகின்றன என்பது) என்று அறியப்பட்டதில் பெரும்பங்கும் இந்தக் கிளையிலிருந்து முளைத்தவை.

இப்போது 1966 நூலுக்கு வரலாம். உபரி என்பதற்கு அவர்கள் தரும் விளக்கம் ஒரு வரிதான்: ஒரு சமூகம் உற்பத்தி செய்வதற்கும், அதை உற்பத்தி செய்ய ஆகும் செலவுக்கும் உள்ள வேறுபாடு. இதை மார்க்சின் உபரி மதிப்போடு ஒன்றாக்கிப் படித்தால் கடைசிவரை குழப்பம்தான். லாபம், வட்டி, வாடகை மூன்றையும் கூட்டினால் கிடைப்பது இவர்கள் சொல்லும் உபரியில் ஒரு பங்கு. அதோடு விளம்பரம், பொதியுறை, ஆண்டுதோறும் மாடல் மாற்றுவது போன்ற விற்பனை முயற்சியில் போகும் வீண்செலவும், அரசுச் செலவும் சேரும். ஜோசப் ஃபிலிப்ஸ் எழுதிய பின்னிணைப்பில் சொத்து வருமானம், வீண்செலவு, அரசுச் செலவு ஆகிய மூன்று கூறுகளையும் கூட்டிக் கணக்கிட்டிருக்கிறார்: மொத்த தேசிய உற்பத்தியில் 1929-இல் 46.9 சதவீதம், 1963-இல் 56.1 சதவீதம். லாபத்தின் பங்கு மட்டும் பார்த்தால் இப்படி ஏறியிருக்காது. உபரி வேறு வேறு வேடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதே வாதம். பழைய பிரதி வாங்கும்போது இந்தப் பின்னிணைப்பின் பக்கங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அது போனால் புத்தகத்தின் எண்கணிதமே போயிற்று.

இன்னொரு வழுக்கல், 'ஏகபோகம்' என்ற சொல்லை ஒரே ஒரு நிறுவனம் என்று எடுத்துக்கொள்வது. அவர்கள் மனத்தில் இருப்பது சில பெரிய நிறுவனங்கள் ஒன்றையொன்று கண்காணித்துக்கொண்டு நிற்கும் சந்தை. நம் பாடப்புத்தகத்து மடங்கிய கோடு இங்கேதான் திரும்ப வருகிறது. விலைக்குறைப்புப் போர் எல்லோருக்கும் நஷ்டம் என்று தெரிந்த நிறுவனங்கள் அதை ஒதுக்கிவைத்து, செலவைக் குறைப்பதிலும் விற்பனை உத்தியிலும் போட்டி போடுகின்றன. செலவு இறங்குகிறது, விலை இறங்குவதில்லை, இடையில் உள்ளது வீங்குகிறது. போட்டியே இல்லாமல் போய்விட்டது என்று ஸ்வீசி சொன்னதாக எழுதுகிறவர்கள் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எட்டாம் அத்தியாயம், ஏகபோக முதலாளியத்தின் வரலாறு, என் கணிப்பில் நூலிலேயே சிறந்தது. நீராவி இயந்திரம், ரயில், மோட்டார் கார் ஆகிய மூன்றை மட்டுமே யுகத்தைப் புரட்டிய கண்டுபிடிப்புகளாக எடுத்துக்கொள்கிறார்கள். தன்னைச் சுற்றிச் சாலை, பெட்ரோல் நிலையம், புறநகர் என்று பெரும் முதலீட்டை இழுத்தவை அவை. 1907-க்குப் பிறகே அமெரிக்கப் பொருளாதாரத்தில் தேக்கத்தின் அடையாளம் தெரிகிறது, அதை மறைத்தவை இரண்டு உலகப் போர்களும் காரும்தான் என்கிறார்கள். 1930-களின் பெருமந்தத்தை விதிவிலக்காகப் பார்க்காமல் இயல்பு நிலையாகப் பார்த்து, வளர்ச்சிக்குத்தான் விளக்கம் வேண்டும் என்று கேள்வியைத் திருப்பிப் போட்டது இங்கே. நூலின் பெரிய ஓட்டை, தொழிற்சாலைக்குள் நடக்கும் வேலையைப் பற்றி எதுவும் இல்லாதது. அதை முன்னுரையிலேயே அவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். செம்புக் கொல்லராகத் தொழில் தொடங்கி, பின்னாளில் மன்த்லி ரிவ்யூ பிரஸ்ஸை நடத்திய ஹாரி பிரேவர்மன் 1974-இல் 'லேபர் அண்ட் மோனோபொலி கேபிடல்' எழுதி அதை அடைத்தார். இரண்டையும் ஒரே நூலின் இரு பாகங்களாக வைத்துப் படிப்பது நல்லது.

பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் ஸ்வீசியின் பாதிதான் கையில் இருக்கும். 1966 நூலில் நிதித் துறைக்கு, கடனுக்கு, ஊக வணிகத்துக்குக் கிட்டத்தட்ட இடமே இல்லை. விற்பனை முயற்சி பற்றிய அத்தியாயத்தின் ஓரத்தில் கொஞ்சம் தலைகாட்டும், அவ்வளவே. அதன் பிறகு முப்பது ஆண்டுகள் அவரும் இதழின் இணை ஆசிரியர் ஹாரி மேக்டாஃபும் அதைத்தான் தோண்டினார்கள், அதுவும் தனி நூலாக எழுதவில்லை, மாதாமாதம் இதழின் முதல் கட்டுரையாக எழுதினார்கள். 'இம்மாத மதிப்பாய்வு' என்ற அந்தப் பகுதிதான் அவர்களுடைய ஆய்வுக்கூடம். 1974-75 மந்தத்துக்குப் பிறகு உற்பத்தியில் போட வழியில்லாத உபரி நிதிச் சந்தைக்குள் பாய்கிறது, கடன் மலைபோல் ஏறுகிறது, அந்தக் கடனே தேக்கத்தைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிக்கிறது என்று வருடக்கணக்கில் எழுதினார்கள். 2008 நெருக்கடி வந்தபோது பலர் தேடிப்போய்ப் படித்தது இந்தப் பக்கங்களை.

இதற்காகப் பழைய இதழ்களைத் தனித்தனியாக வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். தபால் செலவு இதழின் விலையை விழுங்கிவிடும். முக்கியமான கட்டுரைகள் தொகுதிகளாக இருக்கின்றன: 'தி எண்ட் ஆஃப் பிராஸ்பெரிட்டி' (1977), 'தி டீப்பனிங் கிரைசிஸ் ஆஃப் யு.எஸ். கேபிடலிசம்' (1981), 'ஸ்டாக்னேஷன் அண்ட் தி ஃபைனான்ஷியல் எக்ஸ்ப்ளோஷன்' (1987). ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1987 தொகுதி. அதற்குப் பின் வந்த இரண்டு குறுங்கட்டுரைகளைத் தனியாகத் தேட வேண்டும். 1994 ஜூன் இதழில் நிதி மூலதனத்தின் வெற்றி பற்றி எழுதியது ஒன்று. 1997 செப்டம்பரில் உலகமயமாக்கல் பற்றி எழுதியது இன்னொன்று. இரண்டாவது சில பக்கங்களே. வளர்ச்சி வேகம் குறைவது, பன்னாட்டு ஏகபோக நிறுவனங்கள் பெருகுவது, மூலதனத் திரட்டல் நிதிமயமாவது ஆகிய மூன்று போக்குகளும் ஒன்றோடொன்று பின்னியவை, உலகமயமாக்கல் இவற்றுக்குக் காரணம் ஆகாது என்று அதில் சொல்லிவிடுகிறார். நூலகத்தில் கட்டிவைத்த பழைய தொகுதிகளில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இதழின் ஆண்டு மே மாதத்தில் தொடங்குகிறது. மே முதல் டிசம்பர் வரையிலான இதழுக்கு ஆண்டிலிருந்து 1948-ஐக் கழித்தால் தொகுதி எண் வரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை என்றால் 1949-ஐக் கழிக்க வேண்டும். ஜூலையும் ஆகஸ்டும் ஒரே இதழ் என்பதால் செப்டம்பர் நான்காம் இதழ். ஃபிராங்கின் 1966 செப்டம்பர் கட்டுரை தொகுதி 18, இதழ் 4 என்று வருவது இப்படித்தான். இது தெரியாமல் ஆண்டை மட்டும் சொல்லிக் கேட்டால் நூலகர் தவறான தொகுதியை எடுத்துத் தருவார்.

சுதந்திரமான சோஷலிச இதழ் என்று அட்டையிலேயே போட்டுக்கொண்டதற்குப் பொருள், எந்தக் கட்சிக்கும் உரியதல்ல என்பது. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று பார்த்தால் முதலில் தெரிவது பணம். இலக்கிய அறிஞர் எஃப்.ஓ. மத்தீசன் ஆண்டுக்கு 5,000 டாலர் வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தருவதாக ஏற்றார். அந்தப் பலத்தில் ஸ்வீசியும் லியோ ஹியூபர்மனும் 1949 மே மாதம் முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். சந்தாதாரர்கள் 450 பேர். ஐன்ஸ்டைனின் 'ஏன் சோஷலிசம்?' கட்டுரை அந்த முதல் இதழில் வந்தது. அதை மட்டும் படித்துவிட்டு இதழைப் படித்துவிட்டதாகச் சொல்கிறவர்களும் உண்டு. கொரியப் போர் பற்றிய பத்திரிகையாளர் ஐ.எஃப். ஸ்டோனின் கையெழுத்துப்படியை வெளியிட யாரும் முன்வராதபோது, அதை அச்சிடவே பதிப்பகம் தொடங்கினார்கள். 1952-இல் அந்த நூல் வந்தது.

சுதந்திரத்துக்கு இன்னொரு விலையும் இருந்தது. 1954-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் ஸ்வீசியை விசாரணைக்கு அழைத்தார். தான் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்ததில்லை என்று சொன்ன ஸ்வீசி, பல்கலைக்கழகத்தில் தான் நடத்திய விரிவுரையின் உள்ளடக்கம் பற்றியும் முற்போக்குக் கட்சியில் இருந்த மற்றவர்கள் பற்றியும் பதில் சொல்ல மறுத்தார். தனக்கு எதிராகவே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமையைக் காட்டி அவர் ஒதுங்கவில்லை. பேச்சுரிமையின் பேரில் மறுத்தார். அவமதிப்புக் குற்றம் சுமத்தப்பட்டது. 1957 ஜூன் 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கல்விச் சுதந்திரம் பற்றிப் பேசும் அமெரிக்க வழக்கறிஞர்கள் இன்றும் 'ஸ்வீசி எதிர் நியூ ஹாம்ப்ஷயர்' என்று மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்களில் பலருக்கு அவர் பொருளாதாரம் எழுதியது தெரியாது. மடங்கிய கோட்டை வரையும் நம் மாணவர்களுக்கு அவர் வழக்கு தெரியாதது மாதிரி.

எதை விட்டுவிடலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். கியூபா பற்றி ஹியூபர்மனும் ஸ்வீசியும் 1960-இல் எழுதியது மூன்று வாரப் பயணத்தின் விளைவு. உற்சாகம் கொப்பளிக்கும், ஆய்வு குறைவு. சீனா பற்றிய அக்காலக் கட்டுரைகளும் காலத்தின் ஆவணங்களாகப் படிக்கத்தக்கவை. அவற்றை ஸ்வீசியே பின்னால் திருத்திக்கொண்டார்: 1980-இல் 'போஸ்ட் ரெவல்யூஷனரி சொசைட்டி'யில் சோவியத் அமைப்பு முதலாளியமும் ஆகாது சோஷலிசமும் ஆகாது, புதிய வகை வர்க்க சமூகம் என்ற முடிவுக்கு வந்தார். இந்த வரிசையில் நேரம் செலவிட வேண்டுமானால் அதிலும், 1971-இல் சார்ல் பெட்டல்ஹைமோடு நடத்திய விவாதத் தொகுப்பிலும் செலவிடுங்கள். நிலப்பிரபுத்துவத்திலிருந்து முதலாளியத்துக்கு மாறியது பற்றி பிரிட்டிஷ் மார்க்சியப் பொருளியலாளர் மாரிஸ் டாப்போடு 1950-இல் தொடங்கிய விவாதம் வேறு ரகம். அது ரோட்னி ஹில்டன் 1976-இல் தொகுத்த நூலில் முழுதாக இருக்கிறது. டாப் காரணத்தை அமைப்புக்கு உள்ளே தேடுகிறார், ஸ்வீசி தொலைதூர வணிகத்தில் தேடுகிறார். அதில் ஸ்வீசியின் பக்கம் பலவீனமானது என்பது என் கருத்து, ஆனாலும் கேள்விகளைக் கூராக்கியவர் அவர்தான். இந்திய வேளாண்மையின் உற்பத்தி முறை பற்றி 1970-களில் நடந்த சர்ச்சையைப் படிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் பாதி வேலை குறையும்.

இன்றைய இதழைத் தொடர விரும்புகிறவர்கள், 2000 முதல் ஆசிரியராக இருக்கும் ஜான் பெல்லமி ஃபாஸ்டர் காலத்தில் அதன் கவனம் சூழலியல் பக்கம் பெரிதும் நகர்ந்திருப்பதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். பொருளாதார இழை அறுந்துவிடவில்லை, அருகிவிட்டது. மேற்கு வங்கத்தின் கரக்பூரிலிருந்து 'அனலிட்டிகல் மன்த்லி ரிவ்யூ' என்ற பெயரில் ஓர் இந்தியப் பதிப்பும் வந்திருக்கிறது. கல்கத்தாப் பக்கம் நண்பர்கள் இருந்தால் பழைய பிரதிகளுக்குச் சொல்லிவையுங்கள், நம் ஊர் விலையில் கிடைக்கும்.

படித்ததைச் சோதித்துப் பார்க்க எளிய வழி, ஆலைகள் தம் திறனில் எவ்வளவைப் பயன்படுத்துகின்றன என்ற கணக்கு. ஸ்வீசியும் மேக்டாஃபும் திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டியது அதைத்தான். அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் மாதந்தோறும் வெளியிடுகிறது, நம் ரிசர்வ் வங்கி உற்பத்தித் துறைக்குக் காலாண்டு ஆய்வாகத் தருகிறது. நம்முடையது பெரும்பாலான காலாண்டுகளில் எழுபது சதவீதச் சொச்சத்தில் நிற்கும். ஒரு காலாண்டின் எண்ணை எடுத்துக்கொண்டு தேக்கம் என்றோ மீட்சி என்றோ தீர்ப்பு எழுதாதீர்கள். ஜனவரி-மார்ச் எண் நிதியாண்டுக் கடைசி என்பதால் வழக்கமாகவே தூக்கலாக இருக்கும். ஒவ்வோர் ஆண்டின் அதே காலாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கூடவே நிறுவனங்களின் கடனும் பங்குச் சந்தை மதிப்பும் எப்படிப் போயின என்று ஒரு பத்து வருடத்துக்குப் பாருங்கள். 1987 தொகுதியின் கட்டுரைகளை அதற்குப் பிறகு திறந்தால் வேகமாகப் போகும்.